முடிவெடுப்பது உடம்புதான், ஐயா

யானைப் பிரச்சினை பற்றிக் கமக்காரர்களுக்கு மண்டபத்தில் நடந்த கூட்டத்தின் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், பார்த்துவிட்டேன். "யானை ஐந்தறிவு, அதற்கு யோசித்து முடிவெடுக்கத் தெரியாது, ஆறறிவு இருந்தும் நீங்கள் உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கிறீர்கள், அதுதான் இங்குள்ள பிரச்சினை" என்று விளக்கமளிக்க வந்த வளவாளர் சொன்னதும், முன்வரிசை கைதட்டியதும், பின்னால் இருந்த எங்கள் கமக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவைத்ததும் தெளிவாகவே தெரிகின்றன. அவரது பெயரை இங்கே எழுத மாட்டேன். ஆனால், உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவன் என்ற வகையில், யானையையும் மனிதனையும் ஒரே மூச்சில் பிழையாகச் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முடிவெடுப்பது உடம்பின் தொழில். வயிற்றின் நிலை, எதிரே நிற்கும் ஆபத்து, முன்பு பட்ட அனுபவம் ஆகியவற்றை நிறுத்துப் பார்த்துத்தான் எந்த உயிரும் அடுத்த அடியை வைக்கிறது. அதற்கு மூளை கூடக் கட்டாயமில்லை. நரம்புக் கலம் ஒன்றுகூட இல்லாத ஃபைசாரம் என்ற கூழ் போன்ற உயிரி, புதிர்ப்பாதை ஒன்றின் இரு முனைகளிலும் வைக்கப்பட்ட உணவை மிகக் குறுகிய வழியால் இணைத்துக்கொண்டதை, ஜப்பானில் நாககாகி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2000ஆம் ஆண்டிலேயே காட்டினார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது புழுவின் கதை. சி. எலகன்ஸ் என்ற அந்த உருளைப்புழு ஒரு மில்லிமீற்றர் நீளம். அதன் நரம்புக் கலங்கள் 302. அவை ஒன்றோடொன்று எப்படி இணைந்துள்ளன என்ற வரைபடம் 1986இல் வெளிவந்துவிட்டது. புழுவைச் சுற்றி, அதன் உடம்பு நீரையே இழுத்தெடுக்கக்கூடிய செறிந்த சீனிக் கரைசலால் ஒரு வளையமிட்டு, வெளியே உணவின் வாசனையை வைத்துப் பார்த்தார்கள். வயிறு நிறைந்த புழு பெரும்பாலும் உள்ளேயே நின்றது. பட்டினி கிடந்த புழு வளையத்தைத் தாண்டியது. அதாவது, வேலியைத் தாண்டலாமா வேண்டாமா என்பதைத் தன் பசியைப் பார்த்து 302 கலங்கள் தீர்மானிக்கின்றன. ஐந்து கிலோ அளவு மூளையுள்ள யானைக்கு மட்டும் அது தெரியாதாம்!

எங்கள் வயல் முல்லைத்தீவின் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் இருக்கிறது. சென்ற காலபோகத்தில், கதிர் முற்றும் நேரம், தம்பிக்குத் துணையாக நான் பரணில் இருந்த இரவில் ஒரு தனியன் யானை வந்தது. ரோச் வெளிச்சத்தைப் பொருட்படுத்தாமல், தும்பிக்கையை மேலே சுருட்டிக்கொண்டு மின்கம்பியோரமாகவே மெதுவாக நடந்தது. கம்பியில் படவே இல்லை. இரண்டு கட்டைகளைத் தாண்டி, சற்று ஆடிக்கொண்டிருந்த மூன்றாவது கட்டையின் முன்னே நின்று, முன்காலின் அடிப்பாதத்தை அதில் வைத்து அழுத்தியது. கட்டை சாய, கம்பி நிலத்தோடு கிடந்தது. அதன் பிறகும் அவசரப்படாமல், ஒவ்வொரு காலாகத் தூக்கிவைத்து உள்ளே வந்தது. யோசிக்கத் தெரியாத விலங்கு ஆடுகிற கட்டையை எப்படித் தெரிந்தெடுத்தது என்பதை வளவாளர்தான் சொல்ல வேண்டும். மின்வேலி யானையைக் கட்டிப்போடும் பொருளன்று. ஒருமுறை அடிபட்ட யானை அதை நினைவில் வைத்து, "இந்த நெல்லுக்கு இந்த வலி வேண்டாம்" என்று திரும்பிவிடும் என்ற நம்பிக்கையில்தான் அது போடப்படுகிறது. யானை முடிவெடுக்காது என்றால் வேலியே எதற்கு?

"ஆறறிவைப் பகுத்துச் சொன்னவன் தமிழன், நீர் வெள்ளைக்காரனின் ஆராய்ச்சியோடு வருகிறீர்" என்று உட்பெட்டியில் எழுதியவருக்கு: புல்லுக்கும் மரத்துக்கும்கூட ஓரறிவு கொடுத்த தொல்காப்பியம், மற்ற உயிர்களை அறிவற்றவை என்று எங்கும் தள்ளிவைக்கவில்லை. "யானைக்கு வக்காலத்தா, செத்த மனிதருக்கு என்ன பதில்?" என்று கேட்டவருக்குப் பதில் எழுதும் பொறுமை என்னிடம் இல்லை. யானை அடித்துச் செத்தவர்களின் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டவர்கள் நாங்கள். எதிரே நிற்பது கணக்குப் பார்க்கும் விலங்கு என்று தெரிந்தவனுக்குத்தான் அதற்குப் பயப்படவும் தெரியும். கென்யாவின் அம்போசெலியில் மசாய் ஆண்களின் குரலை ஒலிபரப்பியபோது, யானைகளுக்குத் தீங்கு செய்வது அரிதான கம்பா இனத்து ஆண்களின் குரலுக்கு இருந்ததைவிடக் கூடுதலாக யானைகள் ஒடுங்கிக் கூடிப் பின்வாங்கியதை 2014இல் வெளியான ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. யார் ஈட்டி எறிவார்கள் என்பது அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

யானையை விடுவோம். என்னைச் சுட்டது "உணர்ச்சிவசப்பட்டு" என்ற சொல். பகல் முழுவதும் வயல், இரவு முழுவதும் பரண் என்று வாழ்பவனின் மூளையும் உடம்புதானே? தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயற்றிறன், குருதியில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது என்றும், 24 மணித்தியாலத்தில் அது ஏறத்தாழ 0.10 வீதத்துக்கு ஒப்பாகிறது என்றும் 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். போகம் முழுக்க அந்த நிலையில் நிற்பவனிடம், குளிரூட்டிய வாகனத்தில் வந்து இறங்கியவர் நிதானம் படிப்பிக்கிறார்.

உணர்ச்சியை நீக்கிவிட்டால் நல்ல முடிவு வரும் என்பதும் பிழை. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் பகுதி சேதமடைந்தவர்களை ஆராய்ந்த நரம்பியல் அறிஞர் அன்டோனியோ டமாசியோ, புத்திக்கூர்மை குறையாமலே உணர்ச்சி மட்டும் மங்கிப்போனவர்கள் அன்றாட முடிவுகளைக்கூட எடுக்க முடியாமல் திண்டாடியதை எழுதியிருக்கிறார். அவருடைய விளக்கத்தோடு முரண்படுவோர் உண்டு. அவர் கண்டதை நான் வீட்டிலேயே காண்கிறேன். மாமியின் மகன், 2009இல் நெற்றியில் எறிகணைச் சிதறல் பட்டவன். நெல் மூட்டைக் கணக்கை இன்றும் மனத்தாலேயே போடுவான். ஆனால், கடையில் இரண்டு சவர்க்காரக் கட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு, எதை வாங்குவதென்று தெரியாமல், கடைக்காரர் ஒன்றைப் பறித்து வைக்கும் வரை நிற்பான். ஊர் அவனைச் சோம்பேறி என்கிறது. மனத்தைத் திடப்படுத்தச் சொல்லிப் புத்தி சொன்ன வளவாளர்கள் அவனுக்கும் வாய்த்தார்கள். சிதறல் உள்ளே கிடக்கிறது, ஐயா! எந்த அறிவால் அவன் அதை வெல்ல வேண்டும்?

"எல்லாமே உடம்பு என்றால், யானைக்கு வைக்கும் தீனிக்குள் வெடி மறைத்து வைப்பவனும் குற்றவாளி இல்லையா?" என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்விதான். அவன் குற்றவாளிதான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பொறுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வெடி வைத்தவனோடு மட்டும் நிறுத்திக்கொள்ள முடியாது. வயலைச் சுற்றிப் போகத்துக்கு மட்டும் வேலி போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றி, அரிதாளை யானைக்கு விட்டுவிடும் முறை இந்த நாட்டிலேயே நடைமுறையில் இருக்கிறது. அதைத்தான் நாங்கள் கேட்டோம். கேட்டுக் கொடுத்த கடிதங்கள் யாரோ ஒருவரின் மேசையில் கிடக்கின்றன. அவற்றுக்குப் பதில் போடுவதில்லை என்ற முடிவை எடுத்தது எத்தனையாவது அறிவு என்பதையும் அடுத்த கூட்டத்தில் வளவாளர் விளக்கட்டும்.