கை ஊன்றாமல் எழுந்திரிங்க

(கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு மருந்துக்கடை. மாங்காய் மண்டி மாதேஷ் வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வயது 48.)

மாதேஷ்: செல்வி, அந்த விட்டமின் டி அறுபதாயிரம் யூனிட் பாக்கெட் இன்னொரு எட்டு கொடும்மா.

செல்வி: போன வாரம்தானே எட்டு வாங்கிட்டுப் போனீங்க? வாரம் ஒண்ணு, ரெண்டு மாசத்துக்குன்னு கவரில் எழுதிக் கொடுத்தேனே.

மாதேஷ்: தீர்ந்துவிட்டது. தினம் ராத்திரி பாலில் கலக்கிக் குடித்தேன். சீக்கிரம் ஏறணும்னா தினம் போடணும்னு மண்டியில் ஒருத்தன் சொன்னான்.

(டாக்டர் சீட்டில் எழுதுவார், கடைக்காரி கவரில் எழுதுவாள், ஆனால் நம் ஆட்களுக்கு மண்டியில் ஒருத்தன் சொன்னால்தான் அது வைத்தியம்.)

செல்வி: மாங்காய்க்குப் புகை போட்டுப் பழுக்க வைக்கிற மாதிரி நினைச்சீங்களா? உங்க வயசுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும். நீங்க குடிச்சது 4,80,000. அதாவது 800 நாள் பங்கு எட்டே நாளில். மிஞ்சினால் மூத்திரத்தில் போக இது பி காம்ப்ளக்ஸ் இல்லைண்ணா, கொழுப்பில் தங்கிடும். இப்படியே போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், வாந்தி, மலச்சிக்கல், அப்புறம் கிட்னியில் கல்.

மாதேஷ்: கல்லா? கிரானைட் விளைகிற மாவட்டத்தில் கல்லைச் சொல்லிப் பயமுறுத்துகிறாயே.

செல்வி: அந்தக் கல்லை ஏற்றுமதி பண்ண முடியாதுண்ணா.

மாதேஷ்: விளையாடாதே. ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டில் டி 17 வந்திருக்கிறது. தொடையில் வலுவே இல்லை, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை.

செல்வி: 20-க்குக் கீழே போனால் குறைதான், இல்லைன்னு சொல்லலை. ரொம்பக் குறைஞ்சா இடுப்பும் தொடையும்தான் முதலில் சோரும். சரி, அந்த ஸ்டூலில் இருந்து கை ஊன்றாமல் எழுந்திரிங்க, பார்ப்போம்.

(மாதேஷ் முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார், கடைசியில் கண்ணாடி மேசையைப் பிடித்து இழுத்தார். மேலே அடுக்கியிருந்த இருமல் மருந்து பாட்டில்கள் கிலுகிலுத்தன.)

செல்வி: மேசை எழுந்திருச்சு. நீங்க எப்போ?

மாதேஷ்: அதற்குத்தானே பாக்கெட் கேட்கிறேன்! வெயிலிலும்தான் தினம் போகிறேன்.

செல்வி: எத்தனை மணிக்கு?

மாதேஷ்: காலை ஆறரைக்கு. குல்லா, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கேஆர்பி டேம் வரைக்கும்.

செல்வி: நடந்தா?

மாதேஷ்: காரில்.

செல்வி: கண்ணாடியை இறக்கி விட்டா?

மாதேஷ்: ஏசி போட்டிருக்கும்போது எவனாவது இறக்குவானா?

செல்வி: டி தயாராக வேண்டிய கதிரைக் கண்ணாடியே தடுத்துடும். ஆறரை வெயிலில் அது இருக்கிறதே கொஞ்சம், அதிலும் ஸ்வெட்டர். உங்க நிழல் உங்களைவிடக் குட்டையா விழுற நேரம், பதினொன்றுக்கு மேலே, கையும் முதுகும் தெரிய கொஞ்ச நேரம் நிற்கணும். எழுந்திரிங்க.

மாதேஷ்: ராகிக் களி தின்கிறேனே?

செல்வி: களியில் கால்சியம் இருக்கு, டி ஏது? கூட முட்டையோ கொள்ளோ சேர்த்துக்கோங்க, தசைக்குப் புரதம் வேணும். முப்பது தாண்டினாலே தசை கொஞ்சம் கொஞ்சமாக் குறையத்தான் செய்யும், வேலை கொடுத்தால்தான் நிற்கும். பாக்கெட் டி குறையை நிரப்பும், உங்களுக்குப் பதிலா அது உட்கார்ந்து எழாது. எதிர்த்த டீக்கடைக்குப் புல்லட்டில் போற ஆள் நீங்க. எழுந்திரிங்க.

மாதேஷ்: சும்மா எழுந்திரி எழுந்திரின்னு... இப்போ பாக்கெட் தருவாயா மாட்டாயா?

செல்வி: மாட்டேன். டாக்டரிடம் போய் எட்டையும் எட்டு நாளில் முடிச்சதைச் சொல்லுங்க, கால்சியம் பார்க்கச் சொல்வார். அது இருக்கட்டும், அண்ணிக்கு எவ்வளவு வந்தது?

மாதேஷ்: அவளுக்கு எதற்கு டெஸ்ட்? முட்டி வலி, இடுப்பு வலின்னு புலம்புவாள், ஆனால் வேலையெல்லாம் செய்கிறாளே.

செல்வி: நாள் பூரா அடுப்படியில் நிற்கிறவங்களுக்கு வெயில் எங்கே படும்? அந்த லேப் கேம்ப்பில் ரெண்டு பேர் வந்தால் ஒருத்தருக்கு இலவசம்னு போட்டிருந்தாங்களே, நீங்க யாரைக் கூட்டிட்டுப் போனீங்க?

மாதேஷ்: மண்டி பார்ட்னரை.

செல்வி: ஸ்டூலை விடுங்கண்ணா, பின்னாடி ஆள் நிற்குது.