பொம்மையில் பிரசவம்: ஒரு சின்னத் திருத்தம்

நர்சிங் மாணவிகள் இப்போது பயிற்சிப் பொம்மையில் மட்டும் பிரசவம் பார்த்துப் பழகிவிட்டு நேரே லேபர் ரூமுக்கு வருகிறார்கள் என்று கொழிஞ்சாம்பாறை குரூப்பில் வந்த பதிவை மேலே பகிர்ந்திருக்கிறீர்கள். அது சரியில்லை அண்ணா. பொம்மை கூடுதல் பயிற்சிதான். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு மாற்று இல்லை. தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் இந்திய நர்சிங் கவுன்சில் விதிதான்.

அப்புறம் பொம்மை எதற்கு? குழந்தை பிறந்தபின் கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டினால் தாய்க்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. மாணவி ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்கும் போஸ்டிங் காலத்தில் அப்படியொரு கேஸ் வராமலே போகலாம். வந்தாலும் மாணவி கையில் விட மாட்டார்கள், விடவும் கூடாது. அதைப் பழகத்தான் பொம்மை. மாமாநட்டாலி என்ற மாடலைப் பயிற்சியாளரே வயிற்றில் கட்டிக்கொண்டு, செயற்கை ரத்தத்தை ஓடவிட்டு, வலியில் துடிக்கும் தாயாகப் பேசுவார். மாணவி கர்ப்பப்பையைத் தேய்த்துவிட வேண்டும், உதவிக்குக் கூப்பிட வேண்டும், அந்தத் தாய்க்குத் தைரியமும் சொல்ல வேண்டும்.

சந்தேகம் இருந்தால் கவுன்சில் இணையதளத்தில் 2021 பி.எஸ்சி நர்சிங் பாடத்திட்டத்தைத் திறந்து மகப்பேறு பகுதியைப் பாருங்கள். மருத்துவமனையில் மாணவி செய்தாக வேண்டியவற்றில் சுகப்பிரசவமும் இருக்கும். தெரிந்த பிள்ளை யாராவது படித்தால் செய்த பயிற்சிகளைப் பதிந்துவைக்கும் லாக்புக்கைக் காட்டச் சொல்லுங்கள்.