கூட்டத்தைக் குறை சொல்லாதீங்க
2006 பிப்ரவரி 4, பிலிப்பைன்ஸ்ல மணிலா பக்கத்துல பாசிக் நகர ஸ்டேடியம் வாசல்ல, டிவி கேம் ஷோ பாக்க வந்தவங்க 70 பேருக்கு மேல நசுங்கி செத்தாங்களே, அதுக்குப் போய் பரிசுக்கு ஆசைப்பட்டு முண்டியடிச்சாங்கன்னு சிலர் எழுதறது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. முந்தி வர்றவங்களுக்குத்தான் சான்ஸ்னு சொல்லி ஜனங்கள வாசல்லயே காத்துக் கெடக்க வச்சது யாரு? வந்தவங்க பெரும்பாலும் ஏழைங்க, நிறைய பேர் வயசான பொம்பளைங்க. ஒரு சதுர மீட்டர்ல ஆறேழு பேர் சேந்துட்டா அப்புறம் யாரும் சொந்தமா நகர முடியாது, அலை மாதிரி கூட்டமே இழுத்துட்டுப் போகும், முன்னாடி ஒருத்தர் விழுந்தது பின்னாடி நிக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது, அவன் பாட்டுக்கு முன்ன வந்துட்டேதான் இருப்பான். மிதிபட்டு மட்டும் இல்லங்க, நெஞ்சு விரிய இடமில்லாம நின்னபடியே மூச்சு முட்டி சாகறாங்க. இங்கிலாந்துல 1989-ல ஹில்ஸ்பரோ ஃபுட்பால் ஸ்டேடியத்துல நடந்த நெரிசல்லயும் ரசிகர்கள் மேலதான் பழி போட்டாங்க, 97 உயிர் போச்சு, அவங்க மேல தப்பு இல்லன்னு ஜூரி சொல்றதுக்கு 2016 ஆயிடுச்சு. கேட்டுக்கு ரொம்ப முன்னாடியே தடுப்பு வச்சு கூட்டத்த பிரிச்சு விடறது, உள்ள எடம் இல்லன்னா அத நேரத்தோட மைக்ல சொல்லி அனுப்பறது எல்லாம் நடத்துறவங்க வேலை, அத வரிசையில நின்ன பாட்டிகிட்ட எதிர்பாக்குறீங்களா?