பலாக்கொட்டையும் பைன் விதையும்

அழிந்துவரும் மலைக் கூம்பு மரங்களின் விதைகளை நன்றாக உலர்த்தி உறைகுளிரில் வைத்தால் பல பத்தாண்டுகள் இருக்கும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பைன், ஸ்புரூஸ் மரங்களுக்கு அது சரிதான். இலங்கையில் எங்கள் ஊரான ஒட்டுசுட்டானில் அம்மா பயற்றை வெயிலில் காயவைத்து, சாம்பல் கலந்து பானையில் கட்டி வைப்பதும் ஏறக்குறைய அதே யோசனைதான், குளிர் மட்டும் கிடையாது! ஆனால் பலாக்கொட்டையை அப்படிக் காயவைத்துப் பாருங்கள், முளைக்காது. பிரேசிலின் அரோக்காரியா மரத்து விதையும் இந்த ரகம்தான். அதுவும் கூம்பு மரம்தானே, அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே?

இன்னொன்று. வட அமெரிக்காவின் வெண்பட்டைப் பைனை வாட்டும் துருநோய் என்ற பூஞ்சை நோய் 1910 அளவில் ஐரோப்பிய நாற்றுகளோடு வந்தது. அதனால் நோய்க்காட்டில் தப்பி நிற்கும் மரங்களைத் தேடி, பறவை கொத்தாமல் கூம்புகளுக்குக் கம்பிவலைக் கூடு கட்டி விதை எடுக்கிறார்கள். எந்த மரத்து விதை என்பதுதான் முக்கியம், குளிர்பெட்டி அப்புறம்.

சேமிப்பை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கலாம். 2009 போரில், கொம்பறையில் (நெல் சேமிக்கும் கூட்டில்) இருந்த மொட்டைக்கறுப்பன் என்ற ரக விதைநெல்லை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது கொம்பறையே இல்லை. வேறு ஊரில் மாமி வீட்டில் ஒரு சாக்கு இருந்ததால்தான் மறுபடி விதைத்தோம்.