எட்டாம் நம்பர் டேபிள்

(பினாங்கு, ஜார்ஜ் டவுன். வாசலில் சார் குவே தியாவ் என்ற அரிசி நூடுல்ஸ் வறுக்கும் ஒரு காபிக் கடை. ராத்திரி.)

மீனா: ஏங்க, நம்ம தட்டை எட்டாம் நம்பர் டேபிள்ல யாரோ சாப்பிடுறாங்க. நாம உட்கார்ந்திருக்கிறது பதினெட்டு.

ரகு: கடைக்காரர் டேபிள் நம்பர் கேட்டப்போ கேமராவுல அபெர்ச்சரை, அதான் வெளிச்சம் நுழையிற துளையை, திருகிக்கிட்டிருந்தேன். எட்டுன்னு வாயில வந்துடுச்சு. 35 எம்.எம். லென்ஸ், எஃப் 8, ஃபோகஸ் 3 மீட்டர்ல. ரெண்டுலேர்ந்து ஏழு மீட்டர் வரை எல்லாம் தெளிவா விழும்.

மீனா: பட்டப்பகல்ல விழும். ராத்திரியில எஃப் 8-னு துளையைச் சுருக்கி வெச்சா?

ரகு: வெளிச்சம் பத்தாம ஐ.எஸ்.ஓ., அதான் கேமராவோட ஒளி உணர்திறன், 25600-க்கு ஏறிடுச்சு. படம் ரவை ரவையா இருக்கு. நூடுல்ஸ் அந்தரத்துல நிக்கட்டும்னு ஷட்டர் 1/500 நொடி வேற. பட்டை பட்டையா கோடு.

மீனா: டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்குது. 1/100 வெச்சு, எஃப் 2-க்குத் திறங்க. நூடுல்ஸ் கொஞ்சம் இழுபட்டா இழுபடட்டும். இங்க நம்ம சாப்பாடே இழுபடுது.

ரகு: ஒவ்வொரு தட்டா வறுக்கிறாரே, நாலைச் சேர்த்துப் போட்டா என்ன?

மீனா: சட்டிச் சூடு இறங்கிடும். வறுபடாம தண்ணி விட்டுக் குழைஞ்சுடும், அந்தப் புகைவாசமும் வராது. சிப்பியைப் பாருங்க, கடைசியில போட்டு ரெண்டே புரட்டு. விட்டா ரப்பர்.

ரகு: சட்டியிலேர்ந்து எழும்புற ஆவிதான் படத்துல வரவே மாட்டேங்குது.

மீனா: ஆவிக்குப் பின்னாலேர்ந்து வெளிச்சம் வரணும், அதுக்கும் பின்னால இருட்டு இருக்கணும். நீங்க வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்னா?

ரகு: அந்தப் பக்கம் போனா வரிசையில நிக்கிறவங்க முறைக்கிறாங்க.

மீனா: வழியை மறிச்சா முறைக்காம? கால் மணி நேரமா அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரா கேமரா. ஒரு வார்த்தை கேட்டீங்களா?

ரகு: கேட்டா இயல்பா இருக்காதே!

மீனா: நம்ம அடுப்படியில எவனாவது வந்து இயல்பா நின்னா விடுவீங்களா? தட்டுக்குக் காசு, மூஞ்சி மட்டும் இலவசமா? முதல்ல வாங்குங்க, சாப்பிடுங்க, கேமராவைக் காட்டித் தலையாட்டுங்க. அவரும் ஆட்டினா எடுங்க.

ரகு: சரி, இன்னொரு தட்டு சொல்றேன். டேபிள் நம்பர் எட்டுதானே?

மீனா: பதினெட்டு!

ரகு: யாரோ பக்கத்துல நிக்கிறாரே. குடிக்க ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிடு.

மீனா: மேசை நாற்காலி அவரோடது. நூடுல்ஸ் கடை வேற, குடிக்கிறது வேற. ஒண்ணும் வாங்காம உட்காரக் கூடாது. ஜாதிக்காய் ஜூஸ் ரெண்டு சொல்லியாச்சு.

ரகு: ஐஸ் போட்டதா? கிளாஸ் மேல துளித்துளியா, பக்கத்துலேர்ந்து வெளிச்சம்...

மீனா: குடிங்க.