சாவி யாரிடம் இருக்கிறது?

டெக்சஸில் இருக்கும் சித்தப்பா மகன் நேற்று எங்கள் குடும்பப் புலனத்தில் ஒரு படம் போட்டான். ஹால் சுவரில் ஏழு துப்பாக்கி, கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு. "எப்படி இருக்குண்ணே?" அழகாகத்தான் இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எங்கள் பெரியப்பாவிடமும் ஒன்று இருந்தது. இங்கே மலேசியாவில், பினாங்கின் நிபோங் திபாலில் செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிடும் என்று லைசென்ஸ் எடுத்த ரெட்டைக்குழல். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கும் ஊர் இது; லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால்கூட கம்பி எண்ண வேண்டும். துப்பாக்கி அவருடைய இரும்பு பீரோவில். தோட்டா வேறு அறையில், பெரியம்மாவின் பெட்டியில். அதன் சாவி பெரியம்மாவின் இடுப்பில். கேட்கும்போதெல்லாம், "பன்னிக்குத்தானே?" என்று ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

மாதம் ஒருமுறை பெரியப்பா பழைய கைலியைத் தரையில் விரித்துத் துப்பாக்கியைத் துடைப்பார். நாங்கள் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். குழலைத் தொட்டுவிட்டால் எண்ணெய்த் துணியால் உடனே அழுத்தித் துடைப்பார்; கை வேர்வை உப்பு, நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரமே துருவாகிவிடும். பூட்டி வைத்தால் வீணாகும் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். தோலுறையில் போட்டு மறந்தால் துருப்பிடிக்கும்தான். அது பூட்டின் குற்றமா?

எல்லாம் காலியாகத்தான் இருக்கிறது என்கிறான் தம்பி. இருக்கட்டும். காலி என்பது அவனுக்குத் தெரியும்; வீட்டுக்கு விளையாட வரும் பிள்ளைக்குத் தெரியுமா? குண்டு நிரப்பிய துப்பாக்கி 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் சிக்கும்படி அலட்சியமாக விட்டால் டெக்சஸிலேயே குற்றம். அப்புறம் திருடன். கண்ணாடிக்கு ஒரு கல் போதும். எது எங்கே இருக்கிறது என்று விளக்குப் போட்டு வேறு காட்டியாகிவிட்டது.

பழைய ஆயுதம் பார்க்க எனக்கும் ஆசைதான். பினாங்கில் இருக்கும் கார்ன்வாலிஸ் கோட்டைக்கு எத்தனை முறை போயிருப்பேன்! 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்த ஸ்ரீ ரம்பாய் பீரங்கி வெட்டவெளியில் கிடக்கிறது. அதன் வாயில் பூ வைத்தால் பிள்ளை வரம் கிடைக்கும் என்று நம்பிய பெண்கள் உண்டு. அதை யாரும் சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போக முடியாது.

படத்தில் வீட்டு எண்ணும் தெரிந்தது. "முதலில் படத்தை எடு" என்று மட்டும் அனுப்பினேன். எடுத்துவிட்டான். சுவரைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்றிருக்கிறான். அவன் மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.