பெரியவங்கள பாக்கற டாக்டருக்கு பரிட்சை எப்படி வெக்கணும்?

போன ஐப்பசில எங்க அம்மாயி ராத்திரி பாத்ரூமுக்கு எந்திரிச்சவங்க அப்படியே ஆசாரத்துல விழுந்துட்டாங்க. 82 வயசு, கோபி பக்கம் தோட்டத்துல இன்னமும் ரெண்டு எருமைய தனியா பாத்துட்டிருக்கற மனுஷி. எலும்பு ஒடையல, மாரியாத்தா புண்ணியம். ஆனா அது மூணாவது தடவை. ஒவ்வொரு வாட்டியும் தூக்கிட்டு ஓடுனோம், எக்ஸ்ரே எடுத்தாங்க, தலைக்கு ஸ்கேன் எடுத்தாங்க, பிரஷர் நார்மல், வயசாச்சுல்லன்னு சொல்லி தலைசுத்தலுக்கு இன்னொரு மாத்திரைய சேர்த்து அனுப்பிட்டாங்க.

அப்பறம் ஈரோட்டுல ஒரு டாக்டரம்மாகிட்ட போனோம், சின்ன வயசுதான். மொதல்ல மஞ்சப்பைய மேசை மேல கொட்டச் சொன்னாங்க. பதினோரு அட்டை. ஒரே பிரஷர் மருந்து ரெண்டு கம்பெனி பேர்ல, ரெண்டு டாக்டர் எழுதுனது, அம்மாயி ரெண்டையும் தவறாம முழுங்கிட்டு இருந்திருக்காங்க, வீட்ல ஒருத்தரும் கவனிக்கல, நானும்தான். அப்பறம் படுக்க வெச்சு பிரஷர் பாத்தாங்க, 148. எந்திரிச்சு நிக்க வெச்சு மூணு நிமிஷத்துக்குள்ள பாத்தா 112. இதுல 20 கொறஞ்சாலே கவனிக்கணுமாம். இத்தன நாளா எல்லாரும் உக்கார வெச்சே பாத்திருக்காங்க!

"எந்திரிச்சாத்தான் கிறுகிறுங்குதுன்னு அல்லாத்துகிட்டயும் சொன்னனே கண்ணு, ஆரு கேட்டா"ன்னாங்க அம்மாயி.

இத எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். பிஜி, அதாவது எம்பிபிஎஸ்க்கு அப்பறம் மேற்படிப்பு, படிக்கறப்ப அவங்க மேடம் ஓபில பக்கத்துல நின்னு, இவங்க ஒரு பெரியவர்கிட்ட எப்படி பேசறாங்க, எப்படி நடக்க வெச்சு பாக்கறாங்கன்னு முழுசா பாத்துட்டு, அப்பறமா தனியா கூப்புட்டு விட்டதெல்லாம் சொல்லுவாங்களாம்.

எனக்கு அதுதான் பரிட்சைன்னு தோணுது. அந்த மேற்படிப்புல சேர எழுதற நீட் பிஜில 200 கேள்வி, எல்லாமே சரியான விடைய டிக் பண்றது. நின்னா பிரஷர் எவ்வளவு கொறையலாம்னு கேட்டா எந்த ஸ்டூடண்டும் கரெக்டா போட்டுருவாங்க, ஆனா வெளிய அறுபது பேர் உக்காந்திருக்கற ஓபில ஒரு கெழவிய படுக்க வெச்சு எழுப்பி பாப்பாங்களான்னு அந்த மார்க்க வெச்சு எப்படிங்க தெரியும்? சேர்லருந்து எந்திரிச்சு 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்கார்ற டெஸ்ட்டு ஒண்ணு இருக்குது, 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா விழற ரிஸ்க்குன்னு எடுத்துக்கறாங்க. ஒரு சேரும் வாட்சும் போதும். மூணு தடவை விழுந்த அம்மாயிக்கு ஒருத்தர் கூட செஞ்சு பாக்கல.

முதியோர் மருத்துவத்துக்குன்னு எம்டி படிப்பு சென்னை மெடிக்கல் காலேஜ்ல 1996லயே வந்துருச்சு, நமக்கு பெருமைதான். ஆனா நம்ம ஊர்ல முழங்கால் வலின்னு போறது பக்கத்து கிளினிக் எம்பிபிஎஸ் டாக்டர்கிட்டதானுங்களே. அதனால இந்த பக்கத்துல நின்னு பாக்கற பரிட்சை அவங்களுக்கும் கட்டாயம் இருக்கணும், எம்பிபிஎஸ் கடைசில ஆஸ்பத்திரில பயிற்சி எடுக்கற ஹவுஸ் சர்ஜன்ல இருந்தே. வாத்தியார் மட்டும் மார்க் போட்டா பத்தாது, உங்க பேச்ச கேட்டாங்களான்னு அந்த பெரியவங்களயும் கூட வந்தவங்களயும் கேட்டு அதுக்கும் மார்க் வெக்கணும்.

இத படிக்கற டாக்டருங்க சொல்லுங்க, நீங்க படிக்கறப்ப ஒரு தடவையாச்சும் யாராவது இப்படி முழுசா பக்கத்துல நின்னு பாத்தாங்களா?